ஊர்க்காரம்மா

கண்ணு,

இதைப் போனில் சொல்லிவிடலாம் என்றுதான் இரண்டு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்க்கிறேன். நீ "சொல்லும்மா" என்று ஆரம்பிக்கும்போதே பின்னால் கம்ப்யூட்டர் தட்டுகிற சத்தம் கேட்கிறது. "ஒண்ணுமில்லடா, சாப்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். ஆகவே எழுதுகிறேன். போஸ்ட் ஆபீஸ்காரர் பெண்டாட்டிக்குக் கடிதம்தான் கைவரும். நீளமாக இருக்கிறதே என்று அலுத்துக்கொள்ளாதே. ஊரப்பாக்கத்தில் எனக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை. காலையில் பால் பாக்கெட் போடுகிறவர் ஒரு வார்த்தை பேசுவார். அதற்குப் பிறகு சாயங்காலம் வரை டிவிதான் பேசுகிறது. நான் அதைப் பார்ப்பதில்லை, வீட்டில் ஒரு குரல் கேட்கட்டும் என்று போட்டுவைக்கிறேன். உன் அப்பா போன பிறகு அரை டம்ளர் அரிசி போட்டாலே மீந்துவிடுகிறது. தனியாக இருப்பது கஷ்டமாக இருக்கிறது என்று உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிட்டேன், அது ஒரு பக்கம் கிடக்கட்டும்.

நிச்சயதார்த்தத்தன்று பந்தி முடிவதற்குள் ஏன் கிளம்பிப் போனாய் என்று கேட்டாய். முட்டிவலி என்றேன். முட்டிவலி எனக்குப் பத்து வருஷமாக இருக்கிறது, அது எங்கும் ஓடிவிடாது. காரணம் அதுவல்ல. தாம்பூலம் மாற்றி முடிந்ததும் பரிமாற ஆள் போதவில்லை என்று பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு நான் மோர் வாளியைத் தூக்கினேன். சம்பந்தியம்மா பதறித்தான் போனார்கள். எனக்கு ஓர் இடத்தில் சும்மா உட்கார வராது, உனக்குத் தெரியும். அப்போதுதான் உன் ஆபீஸ் பெரியவர் தாமதமாக வந்து இலையில் உட்கார்ந்தார். நான் அவருக்கு மோர் ஊற்றினேன். கையில் வாளி, நெற்றியில் வியர்வை, பொட்டில்லாத முகம். அவர் என்னைப் பார்த்துவிட்டு உன்னைப் பார்த்து, "இவங்க...?" என்று இழுத்தார். நீ ஒரு நொடி யோசித்தாய். அந்த ஒரு நொடியை நான் பார்த்தேன். "நேட்டிவ்லேருந்து வந்திருக்காங்க சார்" என்றாய்.

நேட்டிவ் என்றால் ஊர்தானே, ஊரப்பாக்கத்தில் 'ஊர்' இருக்கிறதுதான், நீ சொன்னதில் பொய் எதுவுமில்லை என்று ட்ரெயினில் வரும்போது எனக்கு நானே சொல்லிச் சிரித்துப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. உன்மேல் கோபத்தில் இதை எழுதவில்லை. கொஞ்சம் கோபம் இருக்கிறது, இல்லையென்று ஏன் சொல்ல வேண்டும்? ஆனால் உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. அந்த வார்த்தையை நம் வீட்டுக்குள் கொண்டுவந்தவளே நான்தான். நீ பிறந்த இரண்டாம் நாள் கொண்டுவந்தேன்.

என் அம்மாவை நீ 'ஊரம்மா' என்று கூப்பிடுவாய், நினைவிருக்கிறதா? மற்ற பிள்ளைகளெல்லாம் பாட்டியை ஆயா என்று கூப்பிடும்போது உனக்கு மட்டும் அவள் ஊரம்மா. ஊரில் இருக்கிற அம்மா, அதனால் ஊரம்மா என்றுதான் உன் அப்பாகூட நினைத்திருந்தார். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி போய்ச் சேர்ந்துவிட்டாள். மற்றவள் இதோ எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என் அப்பா காய்ச்சலில் போனபோது எனக்குப் பத்து வயது. செங்கல்பட்டுக்குக் கிழக்கே, திருக்கழுக்குன்றம் போகிற வழியில் எங்கள் ஊர். ஏரிக்குக் கீழே எங்களுக்கு ஐம்பது சென்ட் நிலம். அம்மாவின் அண்ணன்மார்கள் வந்து, "நெலத்த வித்துட்டு எங்ககூட வந்துடு" என்றார்கள். அவள், "வித்தா இன்னா பண்றது? ஒக்காந்து ஒங்க மூஞ்சியப் பாத்துகினு கெடக்கவா?" என்று கேட்டு அனுப்பிவிட்டாள். ஏர் ஓட்ட மட்டும் ஆள் வேண்டும். ஏர் ஓட்டுகிறவன் வீட்டு நிலத்தில் இவள் நடவு நட்டுக் கொடுப்பாள், அதற்குப் பதில் அவன் எங்கள் நிலத்தை உழுது கொடுப்பான். மற்ற எல்லாவற்றையும் அவளே செய்தாள். மடை திறக்கிற முறை எங்களுடையதென்றால் மண்வெட்டியோடு வரப்பில் நின்றுவிடுவாள், எந்த ஆண்பிள்ளையும் அதன்பிறகு தண்ணீரைத் திருப்ப முடியாது. வாய் அப்படிப்பட்ட வாய். அவளுக்கு இங்கிலீஷ் மாதம் தெரியாது, வருஷமும் தெரியாது. எங்கள் பக்கத்தில் நெல்லுக்கு மூன்று பட்டம் உண்டு: சித்திரையில் விடுகிற சொர்ணவாரி, ஆடியில் சம்பா, மார்கழியில் நவரை. அவளுக்கு உலகமே அந்த மூன்றுக்குள்தான். நான் சொர்ணவாரியில் பிறந்தவளாம், அதனால்தான் வாய் துடுக்காம். எனக்குத் திருக்கழுக்குன்றத்தில் பள்ளிக்கூடம், ஹாஸ்டல். பதினொன்றாவது வரை படிக்கவைத்தாள். படித்த பெண் என்றுதான் உன் அப்பா வீட்டில் என்னை எடுத்தார்கள்.

மாமல்லபுரத்துக்கு வந்த பிறகு நான் செய்த முதல் தப்பு, பீற்றிக்கொண்டதுதான். நாங்கள் இருந்த வரிசையில் எல்லாம் உத்தியோகஸ்தர் வீடுகள். உன் அப்பாவுக்கு மேலே இருந்த போஸ்ட்மாஸ்டரின் சம்சாரம் நல்ல படிப்பு, நல்ல புடவை. "உங்க ஊர்ல என்ன?" என்று கேட்டபோது, "நெல புலம் இருக்கு, அம்மா பாத்துக்கறாங்க" என்றேன். பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் சேற்றில் இறங்கியா பார்த்துக்கொள்வார்கள்? குடை பிடித்துக்கொண்டு வரப்பில் நின்று ஆட்களை ஏவுகிற ஒரு அம்மாவை அந்த வீட்டுக்கூடத்தில் நானே உண்டாக்கி உட்காரவைத்தேன். அதற்குப் பிறகு அந்த அம்மாவுக்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டியதாகிவிட்டது. வேலைக்காரர்கள் வந்தார்கள், மாடு வந்தது, ஒரு தரம் தென்னந்தோப்புகூட வந்தது.

நீ பிறந்தது எழுபதுகளின் நடுவில், ஒரு மார்கழி. சொன்ன நாளுக்கு ஒரு வாரம் முன்னாலேயே வலி கண்டுவிட்டது. செங்கல்பட்டில் ரயிலடிப் பக்கம் ஒரு பிரசவ ஆசுபத்திரியில் சேர்த்தார்கள். அம்மாவின் கணக்கெல்லாம் வேறு. நவரைக்கு நாற்று விட்டுவிட்டு ஆசுபத்திரிக்கு வந்து என்னோடு பத்து நாள் இருப்பது என்று இருந்தாள். அதனால் அன்றைக்குத்தான் இரண்டு மரக்கால் விதைநெல்லை ஊறப்போட்டிருக்கிறாள். உனக்கு இது தெரியாது, அதனால் சொல்கிறேன். விதைநெல்லை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, வடித்து, கோணியில் கட்டி வைக்கோல் போட்டு மூடிவைப்பார்கள். வேளைக்கு வேளை தண்ணீர் தெளிக்க வேண்டும், கையை உள்ளே விட்டுச் சூடு பார்க்க வேண்டும். சூடு ஏறினால் விதை புளித்துவிடும், சூடு குறைந்தால் முளைக்காது. ஊறப்போட்ட நெல் யாருக்காகவும் காத்திருக்காது. மூன்றாம் நாள், மிஞ்சினால் நான்காம் நாள், சேற்றில் விழுந்தாக வேண்டும். அதற்கு முந்தின வருஷம்தான் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எங்கோ போய், அவர்கள் மறந்து, விதை முழுக்க வீணாகிப் போயிருந்தது. வேறு விதை இல்லை. இந்த நேரத்தில் பஸ் கண்டக்டர் ஒருவர் மூலம் உன் அப்பா சொல்லியனுப்பிய சேதி போய்ச் சேர்ந்தது: பையன் பிறந்திருக்கிறான்.

விதையை விட்டுவிட்டு வரவும் முடியாது, பேரனைப் பார்க்காமல் இருக்கவும் முடியாது. வேறு யாராயிருந்தாலும் இரண்டில் ஒன்றை விட்டிருப்பார்கள். என் அம்மா விதைக் கோணியைத் தலையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

நான் கட்டிலில் படுத்திருக்கிறேன். நீ பக்கத்தில். உன் அப்பா மருந்து வாங்கப் போயிருக்கிறார். போஸ்ட்மாஸ்டர் சம்சாரம் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்து உன் மூக்கு யாரைப் போல என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்போது வாசலில் ஆசுபத்திரி ஆயா ஒருத்தி கத்துகிற சத்தம், "இன்னாம்மா இது, தரையெல்லாம் தண்ணி! மூட்டைய வெளிய வையி!" அதற்குப் பதிலாக ஒரு குரல், "வெளிய வெச்சா ஆடு வாய் வெச்சிடும், நீ இன்னா எனுக்கு வெத குடுப்பியா?" அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமும் பயமும் ஒன்றாக எழுந்தன. முதலில் எழுந்தது சந்தோஷம்தான் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். அம்மா உள்ளே வந்தாள். முழங்கால் வரை காய்ந்த சேறு. சேலை கெண்டைக்கால்மேல் ஏறியிருக்கிறது. தலையில் ஈரக் கோணி, அதிலிருந்து தோளில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. முகம் முழுக்கச் சிரிப்பு. கோணியைக் கட்டில்காலோரம் இறக்கிவைத்து, "தொட்டுப் பாரு, சூடா கீது பாரு, நாளிக்கி மொளை வந்துடும்" என்று என் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தாள். பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் விதையைக் காட்டினாள். பைத்தியக்காரி.

"யாரு இவங்க?" என்று போஸ்ட்மாஸ்டர் சம்சாரம் கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார், இளக்காரமெல்லாம் இல்லை. நான் கையை எடுத்துக்கொண்டேன். "எங்க ஊர்க்காரம்மா" என்றேன்.

சொல்லி முடித்த பிறகு அம்மாவைப் பார்க்க முடியாமல் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் திட்டியிருக்கலாம். மடையில் நின்று ஊர் ஆண்பிள்ளைகளை ஓடவிட்ட வாய் அது. அவள் போஸ்ட்மாஸ்டர் சம்சாரத்தைப் பார்த்து, "ஆமாம்மா, ஊர்க்காரம்மாதான். இந்தப் பொண்ண கொழந்தயில இருந்து தெரியும் எனுக்கு. இவுங்க அம்மாதான் ஒருதபா பாத்துட்டு வாடின்னு அனுப்பிச்சாங்க" என்றாள். பிறகு என்னிடம், "கொழந்தய பாத்துக்கலாமாம்மா?" என்று கேட்டாள். அம்மா! என்னைப் பார்த்து அம்மா என்றாள், வெளி மனுஷி கேட்கிற மாதிரி. நான் தலையை ஆட்டினேன். உன்னை அவள் தூக்கவில்லை. கையெல்லாம் அழுக்கு என்று புறங்கையால் உன் உள்ளங்காலை ஒரு முறை தொட்டாள். "நவரப் புள்ள. நல்லா இருப்பான்" என்றாள். கோணியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

உன் அப்பா வந்ததும் தரையைப் பார்த்துவிட்டு, "உங்கம்மா வந்தாங்களா?" என்று கேட்டார். வாடகை சைக்கிள் ஒன்றை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். கோணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். கூப்பிட்டதற்கு, "இல்ல மாப்ள, வெத புளிச்சிடும், நான் போவணும்" என்றாளாம். திரும்பி வந்து, "சாப்பிடாமக்கூட அனுப்பிட்டியே, நீயெல்லாம் ஒரு பொண்ணா?" என்று என்னைத் திட்டினார். அவ்வளவு சரியாகத் திட்டுகிறோம் என்று அவருக்குத் தெரியாது. கடைசிவரை நான் அவரிடம் சொல்லவில்லை.

அந்த விதை புளிக்கவில்லை. மறுநாள் நாற்றங்காலில் விட்டாள். பங்குனிக் கடைசியில் அறுத்து, குத்தி, ஒரு மூட்டை அரிசியைத் தூக்கிக்கொண்டு மாமல்லபுரம் வந்தாள். உன் வாயில் விழுந்த முதல் சோறு அந்த அரிசிதான். அன்றைக்கு வாசலில் நின்று கதவைத் தட்டி, "ஊர்க்காரம்மா வந்துகீறேன், கதவத் தொற" என்றாள். நான் ஓடிப்போய்த் திறந்தேன். சிரித்துக்கொண்டு நின்றாள். அது கேலியா, வேறேதாவதா என்று எனக்குப் புரியவில்லை. அதற்குப் பிறகு வரும்போதெல்லாம் அதேதான். நீ பேச ஆரம்பித்தபோது வாசலில் அந்தக் குரல் கேட்டதும், "ஊரம்மா, ஊரம்மா" என்று ஓடினாய். அவள் உன்னை வாரிக்கொண்டு, "ஆமாண்டா, ஊரம்மாதான்" என்றாள். என்னைப் பார்க்கவே இல்லை.

ஒரு தரம் உன்னையும் அவளையும் கடற்கரைக்குக் கூட்டிப்போனோம். கல் கொத்துகிற சத்தமெல்லாம் தாண்டி, மணலில் போய் நின்று கடலைப் பார்த்தாள். அவள் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. "இம்மாந் தண்ணி கீது, ஒரு காணிக்குப் பாயாதே" என்று வருத்தப்பட்டாள். உன் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அந்த நேரத்தில் அவளிடம் சொல்லியிருக்கலாம். 'அம்மா, அன்னிக்கு நான் அப்டி சொல்லியிருக்கக் கூடாது' என்று ஒரே ஒரு வரி. வாய் வரை வந்தது. அப்போது தூரத்தில் போஸ்ட்மாஸ்டர் குடும்பம் வந்துகொண்டிருந்தது. எனக்கு முன்னால் அம்மாதான் அவர்களைப் பார்த்தாள். உன்னை என்னிடம் கொடுத்துவிட்டு, "காலு நோவுது, அங்க குந்திகினு இருக்கேன்" என்று படகுகள் பக்கம் தனியாக நடந்து போனாள். நான் தடுக்கவில்லை. இரண்டாம் முறையும் நான் தடுக்கவில்லை. ஆசுபத்திரியில் செய்த தப்புக்குப் பயம் என்று ஒரு காரணம் சொல்லலாம். இதற்கு ஒன்றும் சொல்ல முடியாது. அவர்கள் போகிறவரை ஒரு படகின் நிழலில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த முதுகு என் கண்ணைவிட்டு இன்னும் போகவில்லை.

உனக்கு ஐந்து வயதாகும்போது அவள் படுத்துவிட்டாள். நான் ஊருக்குப் போனேன். உன்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை, உனக்கு அம்மை கண்டிருந்தது. அவளுக்கு நினைவு வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி அவள் காதருகே குனிந்து, "யாரு வந்துகீறாங்க, தெரியுதா?" என்று சத்தமாகக் கேட்டாள். அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள், அது தெரியாத பார்வை இல்லை. "எங்க ஊர்ப் பொண்ணு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அந்த ஊரில் பிறந்த பெண்தானே, கிழவி சரியாகத்தான் சொல்கிறாள் என்றார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். மன்னித்துவிட்டுச் சொன்னாளா, குத்திக்காட்டிச் சொன்னாளா என்று நான் இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். அவள் பிடித்த பிடி ஒன்றைச் சொல்கிறது, சொன்ன வார்த்தை வேறொன்றைச் சொல்கிறது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். மறுநாள் காலையில் கேட்க ஆள் இல்லை. அந்த வருஷம் எங்கள் ஐம்பது சென்ட்டில் நவரை விடவில்லை.

இதையெல்லாம் உன்னைக் கூனிக் குறுகவைக்க எழுதவில்லை. நீ சொன்னது பெரிய குற்றமில்லை, ஒரு நொடி வாய் தவறியது. ஆனால் அந்த ஒரு நொடியைச் சரிசெய்யாமல் விட்டால் அது எவ்வளவு நீளும் என்று எனக்குத் தெரியும். எனக்கு ஐந்து வருஷம் இருந்தது. வாசலில் அவள் வந்து நின்ற ஒவ்வொரு தடவையும் இருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று ஒத்திப்போட்டேன். நீயும் என்னைப் போல இந்த வயதில் டிவியைப் போட்டுவைத்து, ஒரு முதுகை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். அவ்வளவுதான் என் புத்திமதி. நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடமும் இதையே சொல். அவள் நல்ல பெண், அன்றைக்கு என் கையிலிருந்து மோர் வாளியை வாங்க ஓடிவந்தவள் அவள் ஒருத்திதான்.

இன்னொரு விஷயம். கல்யாணத்தில் மண்கிண்ணங்களில் பாலிகை விடுவதற்கு முளைகட்டின தானியம் மாப்பிள்ளை வீட்டிலிருந்து வர வேண்டும் என்று சம்பந்தியம்மா சொன்னார்கள். நீ, "காண்ட்ராக்டர் பாத்துப்பாரு ஆன்ட்டி" என்றாய். காண்ட்ராக்டர் வேண்டாம் என்று சம்பந்தியம்மாவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். பாலிகை தெளிக்கிற சுமங்கலிகள் வரிசையில் எனக்கு இடமில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை என்று எழுதத்தான் நினைத்தேன், வருத்தம் இருக்கிறது. ஆனால் ஊறப்போட்டு முளைகட்டுகிற கை யாருடையது என்று யாரும் கேட்கமாட்டார்கள். புதன்கிழமை காலையில் ஊறப்போடுவேன். ஊறப்போட்ட பிறகு அது காத்திருக்காது, நானும் முட்டிவலி என்று நின்றுவிட முடியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், நீங்கள் ரிசப்ஷனுக்கு நிற்கிற நேரத்தில், ட்ரெயினில் கிளம்பி மண்டபத்து வாசலுக்கு வந்துவிடுவேன். கார் அனுப்பாதே.

கையில் ஈரத்துணி மூட்டை இருக்கும். தண்ணீர் சொட்டும். வாசலில் யாராவது, "தரையெல்லாம் தண்ணி" என்று கத்துவார்கள், நானும் என் அம்மாவுக்குப் பிறந்தவள்தானே, பதிலுக்கு ஏதாவது சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவேன். நேராக உன்னிடம் வந்து, "தொட்டுப் பாரு" என்று உன் கையைப் பிடித்து அந்த மூட்டையின்மேல் வைப்பேன். பக்கத்தில் உன் ஆபீஸ் பெரியவர் நின்றுகொண்டிருப்பார். அவர் மறுபடியும், "இவங்க...?" என்று இழுப்பார்.

கையை எடுத்துவிடாதே. சொல்வதைக் கொஞ்சம் சத்தமாகச் சொல். எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது, ஊரம்மாவுக்கும் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா